பிறக்கும் நேரத்திலேயே பக்கவாதம் வருமா, அந்தக் கை சரியாகுமா?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். பாலக்கோடு பக்கத்து கிராமம், உங்களுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. முதல் குழந்தை, பெண், இப்போது 10 மாதம். நிறைமாதத்தில் சுகப்பிரசவம், ஆனால் வலி ரொம்ப நேரம் இழுத்தது. பிறந்ததும் அழுதாள், பால் குடித்தாள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐந்து மாதம் ஆகும்போது வலது கையை மட்டும் மூடியே வைத்திருப்பது கண்ணில் பட்டது. "பீச்சாங்கைப் பழக்கம், அவ தாத்தாவுக்கும் அப்படித்தான்" என்று வீட்டில் சொன்னார்கள். இப்போது எம்ஆர்ஐ படத்தில் மூளையின் இடது பக்கம் பழைய பக்கவாதத் தழும்பு இருப்பதாக வந்திருக்கிறது. சீட்டில் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி, அதாவது வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கை கால் அசைவில் வரும் குறை) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கைக்குழந்தைக்குப் பக்கவாதம் எப்படி வரும், பிரசவம் பார்த்தவர்கள் தவறா, நடப்பாளா, பேசுவாளா, ஸ்டெம் செல் ஊசி போடலாமா, அடுத்த குழந்தைக்கும் வருமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இரண்டே கேள்வி: யார் மேல் தப்பு, இனி என்ன செய்வது. அவசரமானது இரண்டாவதுதான். ஆனால் முதல் கேள்வி தீராமல் எந்த வீட்டிலும் இரண்டாவதற்கு மனம் போவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோ, பல வருடமாகச் செய்து வருகிறேன். நரம்பியல் மருத்துவர் அல்ல. உங்கள் மகளையும் அவளுடைய படத்தையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். இந்த நோயைப் பற்றிப் பொதுவாக உறுதியாகத் தெரிந்தது எது, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதது எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியும்.

குழந்தைக்குப் பக்கவாதம் வரும். சொல்லப்போனால் ஒரு மனிதனின் குழந்தைப் பருவத்திலேயே பக்கவாத ஆபத்து மிக அதிகம் உள்ள காலம், பிறப்பை ஒட்டிய அந்த ஒரு வாரம்தான். கருவில் 20 வாரத்திலிருந்து பிறந்து 28 நாள் வரைக்கும் மூளை இரத்தக் குழாயில் வரும் அடைப்பையும் கசிவையும் மருத்துவத்தில் ஒரே வகையில் சேர்த்துப் பேசுகிறார்கள். எவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, சுமார் 1,000 பிறப்புக்கு ஒன்று முதல் 4,000 பிறப்புக்கு ஒன்று வரை என்று கணக்கு சொல்கிறார்கள். காரணம் இயற்கையின் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பிரசவத்தில் இரத்தம் நிறையப் போய்விடக் கூடாது என்பதால் கடைசி மாதங்களில் தாயின் இரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறுகிறது. குழந்தையின் இரத்தமும் அப்படித்தான். நஞ்சுக்கொடியில் சின்ன இரத்தக் கட்டிகள் உண்டாவது அபூர்வமல்ல. பெரியவர்களுக்கு அப்படி ஒரு கட்டி வந்தால் நுரையீரலில் போய் நின்றுவிடும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கோ இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு இருக்கும். நுரையீரல் இன்னும் வேலை செய்யாததால் நிறைய இரத்தம் அந்த வழியாகத்தான் சுற்றுகிறது. கட்டியும் அதே வழியில் இடது பக்கம் தாண்டி நேராக மூளைக்கு ஏறிவிடலாம். பெரும்பாலும் அடைபடுவது மூளையின் நடுத் தமனி, அதிலும் இடது பக்கம். இடது பக்கத்துக் கழுத்துத் தமனி கிளம்பும் கோணம் அதற்கு வசதியாக இருப்பதால்தான் என்று ஒரு விளக்கம் உண்டு, அது ஊகம்தான். நஞ்சுக்கொடியிலிருந்து வந்த கட்டி என்பதே கூட பல குழந்தைகளில் ஊகம்தான், ஏனென்றால் பிரசவம் முடிந்ததும் நஞ்சுக்கொடி போய்விடுகிறது, யாரும் அதைப் பரிசோதனைக்கு எடுத்து வைப்பதில்லை. பிறவி இதயக் கோளாறு, மூளைக்காய்ச்சல், கடுமையான நீர்ச்சத்துக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நிறையக் குழந்தைகளில் எவ்வளவு தேடினாலும் இதுதான் என்று ஒரு காரணம் கையில் கிடைக்காது.

பிறகு ஏன் ஐந்து மாதம் வரைக்கும் தெரியவில்லை? சில குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு மூன்று நாளில் ஒரு கையோ காலோ மட்டும் விட்டுவிட்டு வெட்டி இழுக்கும், அப்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, நன்றாகப் பால் குடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். பச்சைக் குழந்தையின் கை கால் அசைவுகளை அந்த நேரத்தில் மூளையின் மேற்பகுதி முழுமையாக ஆள்வதில்லை. நான்கு ஐந்து மாதத்தில் பொருளை எட்டிப் பிடிக்க ஆரம்பிக்கும்போதுதான் அந்தப் பகுதி வேலைக்கு வருகிறது, அப்போதுதான் அங்கே இருக்கும் குறை வெளியே தெரிகிறது. கால் இன்னும் தாமதமாக, நிற்கும்போதும் நடக்கும்போதும்தான் தெரியும். அதனால் பல வீடுகளில் "முதலில் கை, இப்போது காலுக்கும் பரவுகிறது" என்று பயப்படுவார்கள். பரவவில்லை. அந்தத் தழும்பு பிறந்தபோது இருந்தது அப்படியேதான் இருக்கிறது, குழந்தை வளர வளர அதன் விளைவு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வந்த திறமை ஒன்று உண்மையிலேயே போய்விட்டால், உட்கார்ந்தவள் உட்காராமல் போனால், அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் ஒரு கைப் பழக்கம் வரக் கூடாது. இடது கைக்காரர்களுக்குக்கூட அந்தப் பழக்கம் அதற்குப் பிறகுதான் மெதுவாகத் தெளிவாகும். ஆறு மாதக் குழந்தை எப்போதும் ஒரே கையால் மட்டும் எட்டிப் பிடித்தால், அது தாத்தாவைக் கொண்டதாக இருக்காது, அடுத்த கையில் ஏதோ பிரச்சினை என்று பொருள். தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸிடம் இதைச் சொன்னாலே போதும், மேலே அனுப்பிவிடுவார்கள்.

சரி, பிரசவம் பார்த்தவர்கள் மேல் தவறா? உங்கள் கோபம் புரிகிறது. வலி நீண்ட நேரம் இருந்தது, "ஆபரேஷன் பண்ணச் சொன்னோம், கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீண்ட பிரசவம், முதல் பிரசவம், பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, கர்ப்பப்பையில் தொற்று, தாய்க்கு இரத்த அழுத்தம் இவையெல்லாம் இந்தப் பக்கவாதம் வந்த குழந்தைகளிடம் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன. அது உண்மை. ஆனால் இவை எல்லாம் இருந்தும் நல்லபடியாகப் பிறக்கும் குழந்தைகள்தான் மிக மிக அதிகம். இவற்றில் ஒன்றுகூட இல்லாத குழந்தைக்கும் பக்கவாதம் வருகிறது. ஆக, அதனால்தான் இது வந்தது என்று சொல்லிவிட முடியாது. மூச்சுத் திணறிப் பிறந்து மூளை பாதிக்கப்படுவது வேறு. அதில் குழந்தை பிறந்ததும் அழாது, துவண்டு கிடக்கும், பால் இழுக்காது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பார்கள். பாதிப்பும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். உங்கள் மகள் அழுதாள், குடித்தாள், பாதிப்பு ஒரே பக்கம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மூச்சுத் திணறல் கதை பொருந்தவில்லை. பத்தாம் மாதத்தில் எடுத்த படத்தில் தழும்பு எந்த இடத்தில் என்று தெரியும். வந்தது பிரசவத்துக்கு முந்தின வாரமா, அன்றைக்கா, இரண்டு நாள் கழித்தா என்று அதில் படிக்க முடியாது. எந்த நிபுணர் உறுதியாகச் சொன்னாலும் நான் சந்தேகப்படுவேன்.

இது இன்றைக்கு வந்த சண்டையும் இல்லை. மூளை முடக்குவாதத்தை முதலில் விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், 1860-களின் தொடக்கத்தில், கஷ்டமான பிரசவம்தான் காரணம் என்றார். 1897-இல் ஒரு நரம்பு மருத்துவர் அதை மறுத்து, சில குழந்தைகளில் வயிற்றிலேயே கோளாறு தொடங்கியிருக்கலாம், கஷ்டமான பிரசவம் அதன் அறிகுறியாகக்கூட இருக்கலாம் என்று எழுதினார். அவர் பெயர் சிக்மண்ட் ஃபிராய்ட். மனப்பகுப்பாய்வில் பெயர் வாங்குவதற்கு முன் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட குழந்தைகளைத்தான். லிட்டில் சொன்னதே பல காலம் நிலைத்தது, இன்றைய ஆய்வுகள் ஃபிராய்ட் பக்கம் நிறையவே சாய்ந்துவிட்டன. இன்னொன்றும் உண்டு. பிறந்த அன்றே கண்டுபிடித்திருந்தாலும் அடைப்பைக் கரைக்கும் ஊசி பச்சைக் குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடுவதில்லை. வலிப்பை நிறுத்துவது, சர்க்கரையும் உடல் சூடும் சரியாக வைப்பது, இவ்வளவுதான் செய்திருப்பார்கள். முன்பே தெரிந்திருந்தால் பயிற்சியைச் சில மாதம் முன்னால் தொடங்கியிருக்கலாம், லாபம் அதுதான்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், வீட்டில் அவரைக் குறை சொல்கிறார்கள் என்று. கிரகணத்தில் வெளியே போனது, கர்ப்பத்தில் வண்டியில் போனது, பப்பாளி சாப்பிட்டது, இதெல்லாம் நான் கேட்காத வாரமே இல்லை. எதற்கும் இதோடு சம்பந்தம் இல்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்ற பேச்சும் நம் பக்கம் அதிகம். மாமன் மகளைக் கட்டினால் வேறு சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடும், அது உண்மைதான், ஆனால் இந்த வகைப் பக்கவாதம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் மகளுக்கே மறுபடி வரும் வாய்ப்பும் மிகக் குறைவு, இதயக் கோளாறு ஏதும் இல்லாதவரை. இதயத்துக்கு எக்கோ எடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். படத்தில் அடைப்புக்குப் பதிலாக இரத்தக் கசிவு என்று வந்திருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்தாலோ, இரத்தக் குழாய்ச் சுவரைப் பலவீனமாக்கும் ஒரு அபூர்வ மரபணுக் கோளாறைத் தேடச் சொல்வார்கள். அது அபூர்வம்தான். இரத்தம் உறையும் தன்மைக்கென்று ஒரு பெரிய பட்டியல் பரிசோதனையை எல்லாக் குழந்தைக்கும் எடுப்பதில் பெரிய பயன் இல்லை என்பதுதான் இப்போதைய கருத்து. யாராவது எழுதிக் கொடுத்தால், இதில் என்ன வந்தால் சிகிச்சை மாறும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி என்ன என்பதற்கு வருகிறேன். நடப்பாளா? ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகள் ஏறக்குறைய எல்லோரும் தானாகவே நடந்துவிடுகிறார்கள், பெரும்பாலானவர்கள் இரண்டு வயதுக்குள்ளேயே. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். வலது குதிகால் தரையில் படாமல் முன்னங்காலில் நடக்கலாம், ஓடும்போது வலது கை மடங்கி மேலே தூக்கிக்கொள்ளலாம். அதற்குக் கணுக்காலைப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் தாங்கி, தேவைப்பட்டால் கெண்டைக்கால் தசையில் இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, பிற்காலத்தில் சிலருக்குச் சிறிய அறுவை சிகிச்சை என்று வழி இருக்கிறது. சக்கரம் வைத்த வட்ட வாக்கரில் உட்கார வைக்காதீர்கள், அதில் கால்விரலால் தள்ளித் தள்ளி முன்னங்கால் நடை இன்னும் ஊறிப்போகும். அவள் எழுந்து நிற்கப் பழகியதும் பழைய மர நடைவண்டி வாங்கிக் கொடுங்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டும், அதுதான் வேண்டும்.

குடும்பங்கள் எல்லாம் காலைப் பற்றியே கவலைப்படுகின்றன. "நடந்துட்டா போதும் சார்" என்பார்கள். நடந்ததும் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். பெண் குழந்தை என்றால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த நோயில் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு கொடுக்கப்போவது கால் அல்ல, கைதான். பாவாடை நாடா கட்ட, தலை பின்ன, ஜாமெட்ரி பாக்ஸ் திறக்க, குடத்தைத் தூக்க எல்லாவற்றுக்கும் இரண்டாவது கை வேண்டும். அந்தக் கைக்கு நல்ல காலம் இப்போதுதான். பிறந்த புதிதில் மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் ஒவ்வொரு கைக்கும் நரம்பு இழைகள் இறங்குகின்றன. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் எந்த இழைக்கு வேலை அதிகமோ அது தங்கும், வேலை இல்லாதது வாடிப்போகும். வாய்க்கால் தண்ணீர் மாதிரிதான், ஓடுகிற பக்கம் வழி ஆழமாகும், ஓடாத பக்கம் புல் முளைத்துத் தூர்ந்துவிடும். உங்கள் மகள் எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்யச் செய்ய, தழும்பைச் சுற்றி மிச்சமிருக்கும் நல்ல இழைகளும் வலது கையைக் கைவிட்டுவிடும். இதை முன்கூட்டியே தடுப்பதுதான் இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

எப்படி? நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தி, பலவீனமான கைக்கு வேலை கொடுப்பது. பெரியவர்களுக்காக அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்பவர் உருவாக்கிய முறை இது. கைக்குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி ஸ்வீடனில் மென்மையாக்கினார்கள்: இடது கைக்கு ஒரு மெல்லிய உறை, தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், ஆறு வாரம். பிறகு இடைவெளி விட்டு இன்னொரு ஆறு வாரம். செய்வது பெற்றோர்தான், சிகிச்சையாளர் வாரம் ஒரு முறை பார்த்து வழி சொல்வார். உறைக்கு அவளுடைய சின்னக் காலுறையே போதும். நாள் முழுக்கக் கட்டிவைக்காதீர்கள், இடது கையும் வளர வேண்டிய கைதான். சிலர் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது சித்திரவதை, சிகிச்சை இல்லை. அழுதால் கழற்றிவிடுங்கள், பசியும் தூக்கமும் இல்லாத நேரமாகப் பாருங்கள். முதல் முறை ஒரு சிகிச்சையாளர் முன்னால் தொடங்குவது நல்லது, ஏனென்றால் எந்தப் பொருளை எந்த உயரத்தில், எவ்வளவு பக்கத்தில் நீட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அவளால் முடியும், ஆனால் கொஞ்சம் முயற்சி வேண்டும் என்ற அளவு. முடியாததைக் கொடுத்தால் கையை இழுத்துக்கொள்வாள்.

பொருள் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். வலது மணிக்கட்டில் சத்தம் வரும் வளையல் ஒன்று போடுங்கள், அது அவள் கண்ணை அந்தக் கைக்குக் கொண்டுவரும். உறை போட்ட அரை மணியில் லேசான பிளாஸ்டிக் வளையல், துணிப் பந்து, கிலுகிலுப்பை, எவர்சில்வர் டம்ளர். தட்டில் கொஞ்சம் ஆறிய களியைப் பரப்பி அதில் வலது கையால் அளைய விடுங்கள், மூடிய விரல் தானாகப் பிரியும். குளிக்க வைக்கும்போது தண்ணீரைத் தட்ட விடுங்கள். உறை இல்லாத நேரத்தில் இரண்டு கையும் வேண்டிய விளையாட்டு: பெரிய பந்து, கைதட்டுவது, இரண்டு டம்ளரை மோதிச் சத்தம் எழுப்புவது. மூன்று நான்கு வயதில் நிலக்கடலை உரிப்பது, அவரை உரிப்பது, டப்பா மூடி திருகுவது எல்லாம் நல்ல பயிற்சி, ஆனால் இப்போது அந்தப் பொருட்களைக் கிட்டவே விடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஷிப்ட் முடிந்து வீட்டிலிருக்கும் நாட்களில் இந்த அரை மணி நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி ஒருவரே செய்தால் மூன்றாவது வாரம் நின்றுவிடும்.

வலது கை என்பதால் நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். சோத்துக்கையால்தான் சாப்பிட வேண்டும், இடது கையால் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்று ஒன்றரை இரண்டு வயதில் யாராவது இடது கையைத் தட்டிவிட ஆரம்பிப்பார்கள். பயிற்சி என்ற பெயரிலும் தட்டுவார்கள். விடாதீர்கள். சாப்பாடு இடது கையால்தான், எழுத்தும் பெரும்பாலும் அதே கையால்தான் இருக்கும். வலது கைக்கு எழுத்தைத் திணிப்பதற்குப் பதில் துணைக்கை வேலையை ஒழுங்காகப் பழக்குங்கள்: தட்டைப் பிடிக்க, நோட்டை நகராமல் அழுத்த, பையின் வாயைத் திறந்து பிடிக்க. நல்ல துணைக்கை ஒன்று இருந்தால் அவள் எந்த வேலையையும் தானே முடித்துக்கொள்வாள். பாட்டி வீட்டில் இதை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள், கோயிலில் திருநீறு வாங்குவது உட்பட.

எண்ணெய் தேய்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாட்டி மெதுவாகத் தேய்த்தால் கெடுதல் இல்லை, குழந்தைக்கும் சுகம். ஆனால் அதனால் கை வேலை செய்யப் பழகாது. நாம் அவள் கையை நீட்டி மடக்குவதில் மூளைக்கு அதிகம் போய்ச் சேருவதில்லை, அவளே எட்டிப் பிடித்தால்தான் சேரும். சுளுக்கு எடுப்பவர்களிடம் கொடுத்துக் கையை வெடுக்கென்று இழுக்கச் செய்வது ஆபத்து, சின்ன எலும்பு. மூளை வளர்ச்சிக்கு என்று கொடுக்கும் டானிக்குகளுக்கும் இந்த நோயில் நிரூபணம் இல்லை, அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

வலிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகளில் கணிசமானவர்களுக்குப் பிற்காலத்தில் எப்போதாவது வலிப்பு வரும். வராமலே போகிறவர்களும் நிறைய. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த வயதில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: தூங்கி எழுந்ததும் தலை முன்னால் சாய்ந்து, இரண்டு கையும் திடுக்கென்று விரிந்து மடங்கி, சில நொடி விட்டு மறுபடி அதே மாதிரி, வரிசையாக வந்தால், "பயந்துக்குது" என்று திருநீறு போட்டு விட்டுவிடாதீர்கள். அது ஒருவகை வலிப்பு, நாள் தள்ளத் தள்ள மூளை வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். கை கால் வெட்டும் வலிப்பு என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், சாவிக்கொத்து தேட வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

பேச்சு? பெரியவர்களுக்கு இடது மூளையில் பக்கவாதம் வந்தால் பேச்சு போய்விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதனால்தான் பயம். குழந்தை மூளை அப்படியல்ல. பேச்சு வேலையை வலது பக்கம் ஏற்றுக்கொள்ளும். கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிறைய பேர், குழந்தைக்குக் குழப்பமாகிவிடும் என்று பாதித் தமிழில் பேச ஆரம்பிக்கிறார்கள். தேவையில்லை, உங்களுக்கு எது சரளமோ அதிலேயே பேசுங்கள். படிப்பு எப்படி இருக்கும் என்பதைப் பத்து மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. பலர் சாதாரணப் பள்ளியில் எல்லோரோடும் படிக்கிறார்கள். சிலருக்குக் கவனம் நிற்பதிலோ கணக்கிலோ சிரமம் பள்ளி வயதில்தான் தெரியவரும். கட்டுப்படாத வலிப்பு இருந்தால் சிரமம் கூடும். கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள், இடது மூளைப் பாதிப்பில் சிலருக்கு இரண்டு கண்ணிலும் வலது பக்கப் பார்வைப் பரப்பு குறையும். வலது பக்கம் நீட்டும் பொருளை அவள் கண்டுகொள்ளவே இல்லை என்றால் கை மட்டும் காரணமாக இருக்காது.

ஸ்டெம் செல்லுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் பெற்றோரிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பதில் அதிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் பலன் நிரூபணமாகலாம், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சையை 2001-இல் கனடாவில் முறையாகச் சோதித்தார்கள். சாதாரணக் காற்றைச் சற்றே அழுத்திக் கொடுத்த குழந்தைகளுக்கும் அதே முன்னேற்றம்தான் இருந்தது.

எங்கே போவது? தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் பற்றிக் கேளுங்கள். பிறந்ததிலிருந்து 18 வயது வரையான குழந்தைகளுக்காக 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இயங்குவது, கட்டணம் இல்லை. பெங்களூரில் இருக்கும் நரம்பியல், மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் உங்களுக்குத் தூரமில்லை, படத்தையும் குழந்தையையும் ஒருமுறை காட்டி நரம்பியல் கருத்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பயிற்சிக்காக மாதம் ஒரு முறை பெங்களூரு போவதைவிட, வாரம் ஒரு முறை தர்மபுரியும் தினம் வீட்டில் அரை மணியும் பல மடங்கு மேல். போக்குவரத்து முடியாத மலைக் கிராமத்துக்காரர்கள் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடம் சொல்லுங்கள், அதில் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பள்ளி வயதில் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோவும் கிடைப்பார்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில் பெற்றோர் தயங்குகிறார்கள், பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாப்பிள்ளை பார்க்கும்போது இடைஞ்சல் என்று. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யாரிடம் காட்டுவது என்பது உங்கள் இஷ்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் இருக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றில் 40 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும், ஒரு பக்கம் லேசாகப் பாதித்த குழந்தைக்கு அது வராமலும் போகலாம், மருத்துவக் குழுதான் முடிவு செய்யும். சான்று கிடைத்தால் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பிசியோ செலவும் அதில் அடங்கும். மருத்துவக் குழுவுக்குப் போகும்போது எம்ஆர்ஐ அறிக்கை மட்டும் போதாது, ஃபிலிம் அல்லது சிடியும், பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டும் நகலோடு எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு தொலைந்திருந்தால் இப்போதே பிரசவம் பார்த்த இடத்தில் கேட்டு வாங்குங்கள், நாள் போகப் போக பழைய பதிவேட்டைத் தேடி எடுப்பது கஷ்டமாகிவிடும்.